கண்ணுக்குத் தெரியாத பன்னிரண்டு குடில்கள்

நல்ல கட்டடம் என்பது கண்ணுக்குத் தெரியாத கட்டடம். மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகள் காத்திருந்த இந்த மாபெரும் உண்மை 1996ஆம் ஆண்டு, மலாக்கா டவுனில், ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், ஏர்கோன் ஒழுங்காக ஓடிய ஒரு செவ்வாய்க்கிழமை கண்டுபிடிக்கப்பட்டது.

கண்டுபிடித்தவர் நிறுவனத் தலைவர் கணேசமூர்த்தி. டுரியான் துங்கால் அணைக்கட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தை அவர் நிறுவனம் வாங்கியிருந்தது. அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கான மரக்குடில்கள் எழும்ப வேண்டும். 'எழும்ப' என்ற சொல்லை அவர் உடனே திருத்தினார்.

"எழும்பக் கூடாது, கலக்கணும். இயற்கையோட கலக்கணும். வர்ற கெஸ்ட், ரூம் எங்கன்னு தேடணும். புரியுதா நிவேன்?"

கட்டட வடிவமைப்பாளர் நிவேந்திரனுக்குப் புரிந்தது. ஆறு வருடம் ஆஸ்திரேலியாவில் படித்தது இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று மெய்சிலிர்த்தது.

"பாஸ், தேடிக் கிடைக்கலன்னா?"

"முன்பணம் வாங்கிருவோம்லா."

கூட்டம் நான்கு மணி நேரம் நடந்தது. 'நீடித்து நிலைக்கும்' என்ற சொல் முப்பத்தேழு முறை உச்சரிக்கப்பட்டது. மரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி ஒரே ஒரு முறை எழுந்தது. தேநீர் வந்ததும் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் நிவேந்திரன் புதுச் சப்பாத்து போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் காரில் போனான். மேட்டில் ஏறி, இறங்கி, ஒரு திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டான். எதிரே இரண்டு வரிசையில் பன்னிரண்டு வீடுகள். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் கட்டைகள்மேல் நின்றன. வெயிலும் மழையும் பட்டுப் பட்டுப் பலகைகள் ரப்பர் மரப்பட்டையின் நிறத்துக்கே வந்திருந்தன. கூரையில் பாதியைக் கொடி மூடியிருந்தது. பத்தடி தூரத்துக்கு வரும்வரை வீடு இருப்பதே தெரியவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் வீட்டுப் படியில் வேலாயி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அந்தத் தோட்டத்தில் முப்பது வருடம் ரப்பர்ப் பாலுக்கு மரம் சீவியவள்.

"ஆன்ட்டி, இந்த வீட்ட டிசைன் பண்ணது யாரு?"

"டிசைனா? வெள்ளக்காரன் காலத்து லயம் தம்பி. தோட்டத்து ஆளுங்களுக்குன்னு வரிசையாக் கட்டிப் போட்டான், கெடக்கிறோம்."

"காத்து எப்படி இவ்வளோ அழகா உள்ள வருது?"

"பலக விலகிப் போச்சு."

'இயற்கைக் காற்றோட்டம்' என்று எழுதிக்கொண்டான்.

"வெளிச்சம்?"

"தகரத்துல ஓட்ட."

'மேற்கூரை வழியே பகலொளி.'

"இந்தக் கொடிய நீங்களே ஏத்தி விட்டீங்களா?"

"அத வெட்டச் சொல்லி ஆபீசுல நாலு தடவ சொல்லிட்டேன். ஒருத்தனும் கேக்கல."

'நிர்வாகத்தின் தொலைநோக்கு.'

வேலாயி அவனுக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தாள். பிறகு உள்ளே போய், சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து, தோட்டத்தை வாங்கிய நிறுவனம் அனுப்பிய ஒரு கடிதத்தை எடுத்து வந்தாள். இந்த வீடுகள் 'மனிதர் வசிக்கத் தகுதியற்றவை', மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று மலாய் மொழியில் இருந்தது. பத்து பெரண்டாம் என்ற ஊரில் அடுக்குமாடி வீடு தருவார்களாம். அங்கே இதுவரை தூண்கள்தான் நின்றன.

"பன்னண்டு குடும்பம் தம்பி. தூண்லயா போய்த் தொங்க முடியும்? நீங்க படிச்சவங்க. வீடு நல்லாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனா கேப்பாங்க."

நிவேந்திரன் கல்நெஞ்சன் அல்ல. பேனாக்கத்தியால் ஒரு பலகையைச் சுரண்டிப் பார்த்தான். சாம்பல் நிறத்துக்கு அடியில் வைரம் பாய்ந்த காட்டு மரம். ஒரு கறையான் தடம் இல்லை. அன்றே உட்கார்ந்து பதினொரு பக்கம் எழுதினான். மலாக்காவில் இதைவிட உறுதியான மரவீடுகள் கிடையாது என்று அடித்துச் சொன்னான். 'இவற்றில் ஒரு பலகையைக்கூட நாம் இழக்கக் கூடாது' என்று முடித்தான்.

கணேசமூர்த்தி வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் அறிக்கையை முழுதாகப் படித்தார்.

"நிவேன்! மரம் எங்கேருந்து வரும்னு கேட்டாங்கல்ல? வெட்டவே வேணாம்! அங்கயே ரெடியா நிக்குது!"

"பாஸ், உள்ள ஆளுங்க இருக்காங்க."

"தகுதியில்லாத வீட்டுல மனுசங்கள வெச்சிருக்கறது பாவம்லா. ஒரு பலகைகூட இழக்கக் கூடாதுன்னு நீதானே எழுதியிருக்க?"

"நான் வேற அர்த்தத்துல..."

"அர்த்தத்த நான் பாத்துக்கறேன். நீ பிளான் போடு."

மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் இறங்கியது. பிளான் போட்டான்.

வீடுகளைப் பிரிக்க லாரிகள் வந்த சனிக்கிழமை அவன் தஞ்சோங் கிளிங்கில், கடலைப் பார்த்த ஓர் ஓட்டலில், 'மனிதனும் மரமும்' என்ற கருத்தரங்கில் பேசிக்கொண்டிருந்தான். கைத்தட்டல் பலமாக இருந்தது. அந்நேரம் பன்னிரண்டு குடும்பங்களும் சொந்தக்காரர் வீட்டுக்கும் ஒற்றை அறை வாடகைக்குமாகச் சிதறிக்கொண்டிருந்தன.

அடுத்த வருடம் மரக்குடில்களுக்குப் பரிசு கிடைத்தது. அதே பலகைகள், அதே நிறம். கூரையில் கொடி ஏற்றி, அதற்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளும் போட்டிருந்தார்கள். உள்ளே ஏர்கோன்; காற்றும் வெளிச்சமும் நுழையாதபடி இடுக்கெல்லாம் அடைத்தாகிவிட்டது.

பாராட்டு விழாவுக்கு நிவேந்திரன் கோட்டு போட்டுக்கொண்டு வந்தான். வரவேற்பு மண்டபத்தில் பச்சைச் சீருடையில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். வேலாயி. திட்டுவாள் என்று எதிர்பார்த்தான்.

"சாப்டீங்களா தம்பி?" என்றாள். திட்டியிருக்கலாம்.

"ஆன்ட்டி... இங்கதான் வேலையா?"

"கெஸ்ட்டுங்க ரூம் தெரியாம சுத்துறாங்க, நாந்தான் கூட்டிட்டுப் போயி விடுறேன். எனக்கு ஒவ்வொரு பலகையும் தெரியும்ல." சுவரில் மாட்டியிருந்த பித்தளைப் பட்டயத்தைக் காட்டினாள். "அதுல இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கு. தெனம் பாக்குறேன், புரியல. படிச்சுச் சொல்லுங்களேன்."

அவன் நல்ல தமிழில் சொன்னான்: "'இந்த மண்ணில் மனிதர் வாழ்ந்த சுவடே தெரியாதபடி அமைத்தமைக்காக.'"

வேலாயி துடைப்பானை வாளியில் முக்கிப் பிழிந்தாள்.

"பரிசு நாயமாத்தான் குடுத்திருக்காங்க. நானும் தெனம் தொடைக்கிறேன். உங்க அளவுக்குச் சுத்தமா எனக்கு வரலியே, தம்பி."