மாப்பிள்ளையின் விதைகளுக்குப் புகை போட்ட விவரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம், குளியலறைச் சுவர் மட்டும் கறுப்பு. மலையில் தீ அடங்கி, நீங்களும் உடன் இருப்பவர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். டவரும் எரிந்துவிட்டதாம், போன் போகவில்லை. அதனால் உங்கள் ஆபீஸ் ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருக்கிறேன், ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விதை முளைத்துவிட்டது.

மண் நிரப்பிய தட்டை என் கையில் திணித்து, "மாமா, உலகத்துலயே இந்தச் செடிக்கு மிச்சம் இந்த விதைதான்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினீர்களே, அன்றிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் திரிந்தேன். புகை மண்ணில் இறங்கினால்தான் கண் விழிக்கிற விதையாம். எப்போதோ ஒரு தடவை எரிகிற மலை இப்போது வருஷா வருஷம் எரிவதால், முளைத்தது பூத்துக் காய்ப்பதற்குள் அடுத்த தீ வந்து அதையும் தின்றுவிடுகிறதாம். அந்தப் பூவையே நம்பி ஒரு நீலப் பட்டாம்பூச்சி வேறு. எல்லா நாட்டுக் காட்டிலும் இதே கூத்துதான் என்றீர்கள். காய்ந்த இலையை எரித்து ஒரு மணி நேரம் மூட்டம் போடச் சொன்னீர்கள். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தே ரிட்டையர் ஆனவனிடம் நெருப்பு வேலை!

சரி, மாப்பிள்ளை சொல்லைத் தட்டக் கூடாது என்று பூங்காவில் சருகு பொறுக்கி, பழைய வாளியில் போட்டுக் குளியலறையில் கொளுத்தி, தட்டை அட்டைப் பெட்டியில் வைத்து, வாஷிங் மெஷின் குழாயை வாளிக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, குழாய் உருகிப்போய், பாதிப் புகை ஜன்னல் வழியாக மேல் வீட்டுக்கு ஏறிவிட்டது. மேல் வீட்டுப் பல் டாக்டர் வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்து, "சார், என் பாத்ரூம்ல என் கையே எனக்குத் தெரியல" என்று கத்திவிட்டுத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர்கள் தண்ணீர்க் குழாயை நீட்ட, நான் பெட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"சார், தள்ளுங்க. தண்ணி அடிக்கணும்."

"என் மேல அடிங்க. பெட்டி மேல ஒரு சொட்டு பட்டாலும், ஒரு மலைக்கே நான் பதில் சொல்லணும்."

"போன வாரம் பூரா மலையிலதான் சார் தீயோட மல்லுக்கட்டினோம். இங்க வந்தா நீங்க தீ வளர்க்கறீங்க" என்றார் அதிகாரி. நீங்கள் சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். மனுஷன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "நீலப் பூச்சிங்க ரோட்டோரம் செத்துக் கெடந்துச்சு சார்" என்றார். பிறகு வாளியை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியின் இடுக்கையெல்லாம் தன் ஈரத் துண்டால் அடைத்து, ஒரு மணி நேரமும் என்னோடு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகையால் மட்டும் இல்லை.

அன்றிலிருந்து தினமும் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தேன்; இன்று காலை தட்டு பூராவும் பச்சை. இதில் உங்கள் அத்தையின் பங்கு எதுவும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். செடிக்கு என் பெயரை வைக்க வேண்டும் என்று நானாகக் கேட்க மாட்டேன்.

நீங்களும் மகளும் செடியும் பல்கிப் பெருக எங்கள் ஆசிகள். பட்டாம்பூச்சியையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை வாங்கிப் படித்துவிட்டு, சிரித்துச் சிரித்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் புகை போட்டது அதே மாதிரி ஒரு தட்டில் அவள் தூவிய கீரை விதைக்காம். என்னை நம்பாமல், மாப்பிள்ளையே வந்து புகை போடட்டும் என்று நிஜத் தட்டை முன்கூட்டியே பல் டாக்டரிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். அவர் அதை வைத்த இடம் அவருடைய குளியலறை ஜன்னல். புகையில் விதை செத்தே போயிருக்கும் என்று பயந்து இத்தனை நாள் வாயைத் திறக்காமல் தண்ணீர் மட்டும் தெளித்து வந்தவர், இப்போதுதான் மூச்சிரைக்க இறங்கி வந்து எங்களை இழுத்துக்கொண்டு போனார். முளைத்திருக்கிறது மாப்பிள்ளை, கீரை மாதிரியே இல்லாத ஏதோ ஒன்று, தட்டின் ஓரம் வரைக்கும். நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னிக்கவும். உடனே புறப்பட்டு வாருங்கள். நீங்கள் வரும் வரைக்கும் தட்டை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன், டாக்டர் குளிக்காமல் காத்திருக்கிறார்.