நொண்ட மறுத்த எலிகள்

"சார், மஞ்சள் சீட்டு எலியும் நொண்டல, நீலச் சீட்டு எலியும் நொண்டல," என்றார் உதவியாளர், துக்கம் விசாரிக்கிற குரலில்.

ஆராய்ச்சியாளர் குறிப்பேட்டை மறுபடி புரட்டினார். மொத்தம் இருபது எலிகள். அத்தனைக்கும் பின்னங்காலில் தீராத மூட்டுவலி. பாதிக்குப் போதையில்லாத புது வலிமருந்து. மீதிக்கு வெறும் தண்ணீர். கூண்டுகளில் ஒட்டிய மஞ்சள், நீலச் சீட்டுகளில் எதற்கு எது என்பது இயக்குநரின் அலமாரியில், ஒட்டிய உறைக்குள் இருந்தது. மருந்து வேலை செய்தாலும், தண்ணீர் குடித்த பாதியாவது கண்ணாடிப் பாதையில் நொண்டியாக வேண்டும். இருபதுமோ கடை திறக்கப் போகிற முதலாளி மாதிரி நிமிர்ந்து நடந்தன.

கைப்பேசி அடித்தது. அண்ணன். ஆறு வருஷமாக முதுகுவலி. கிறங்கடிக்கிற மாத்திரை வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டு, தம்பியின் மருந்துக்குக் காத்திருப்பவர்.

"என்னடா, எலிக்கு எப்படி இருக்கு?"

"உன்னைவிட நல்லா இருக்கு அண்ணா. அதுதான் பிரச்சினை."

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"தண்ணியும் மருந்தும் ஒரே வேலை செஞ்சா மருந்து எதுக்கய்யா? இன்னிக்கே மூடிடலாம்."

"பத்து நாள் கொடுங்க சார்."

"ரெண்டு."

"எட்டு! எங்க அண்ணன் முதுகை நினைச்சுப் பாருங்க."

"மூணு. முதுகுக்காக அரை நாள் சேர்த்துக்குங்க."

முதல் நாள் ஆராய்ச்சியாளர் நாற்காலியைக் கூண்டுகளுக்கு ஒட்டிப் போட்டு, கண் கொட்டாமல் பார்த்தார். நேற்றைவிட நன்றாக நடந்தன.

"ஒத்தை ஆள் பார்வையில தப்பு வரும் சார். நானும் உட்கார்றேன்," என்று மறுநாள் உதவியாளரும் பக்கத்தில் நாற்காலி போட்டார். அதுவரை கொஞ்சம் மெதுவாக நடந்துகொண்டிருந்த ஒரே எலியும் வேகம் பிடித்துவிட்டது.

"யாரோ பாட்டிலை மாத்துறாங்க!" என்றார் ஆராய்ச்சியாளர்.

மூன்றாம் நாள் வாசல் காவலாளி உள்ளே நிறுத்தப்பட்டார். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. அவர் வந்து நின்றதும் நீலச் சீட்டு எலி ஒன்று சக்கரத்தில் ஓடிய ஓட்டத்தில் சக்கரமே கழன்று விழுந்தது.

மிச்சமிருந்தது அரை நாள். மூடுகிற உத்தரவைக் கையோடு கொண்டுவந்த இயக்குநர், "நானே பார்த்துடறேன்," என்று கண்ணாடிப் பாதைக்கு முன்னால் குந்தினார். இருபதும் அவரைத் தாண்டி அணிவகுப்பு நடத்தின.

"இதுக்கு மேல பேரம் இல்ல," என்று பேனாவைத் திறந்தார்.

கைப்பேசி மறுபடி அடித்தது. அண்ணன்தான். ஆராய்ச்சியாளர் எடுக்கவில்லை.

அப்போதுதான் தரை துடைக்கிற அம்மாள் வாளியும் கையுமாக வந்தார். நான்கு ஆண்கள் இழவு வீடு மாதிரி நிற்பதைப் பார்த்து, "என்ன சார் ஆச்சு?" என்றார்.

"எலி நொண்ட மாட்டேங்குதும்மா. கடையை மூடறோம்," என்றார் உதவியாளர்.

"அடப் போங்க சார்! நீங்கெல்லாம் சாப்பிடப் போனப்புறம் தினமும் இங்க துடைக்கறேனே, மஞ்சள் சீட்டு எலிங்க ஜோரா ஓடுது, நீலச் சீட்டு எலிங்க ஒண்ணு விடாம நொண்டுது. ஆம்பளைங்க உங்க வாடை அடிச்சாத்தான் பயத்துல அதுங்களுக்கு வலியே மறந்து போகுது!"