என் கதையின் கருத்துப் பெட்டியை மூடிவிடு

திருத்தணி,
ஆவணி மாதம், 2008.

சிரஞ்சீவி சாய்கிருஷ்ணனுக்கு, மாமா கணபதிசுப்பிரமணியன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் மாமி ஜம்பகமும் மலைமேல் இருப்பவன் தயவில் சௌக்கியம். என் தொடர்கதைதான் சௌக்கியமாக இல்லை. இதை மின்னஞ்சலில் அனுப்பாமல் தபாலில் போடுகிறேன். மின்னஞ்சலில் எழுதினால் அதற்கும் கீழே யாராவது வந்து கருத்து சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

போன வருஷம் லீவில் வந்தபோது, "சும்மா உக்காந்திருக்கேளே மாமா, கதை எழுதுங்கோ" என்று எனக்கு ஒரு வலைப்பூ திறந்து கொடுத்துவிட்டு பெங்களூருக்கு ரயிலேறிவிட்டாய். நானும் 'மரகதத்தின் கண்ணீர்' என்று வாரம் ஒரு அத்தியாயம் எழுதி, வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரௌசிங் சென்டரில் ஒற்றை விரலால் தட்டி ஏற்றிவருகிறேன். நாளை கடைசி அத்தியாயம். மரகதம் டாக்டர்களுக்கே பிடிபடாத நோயில் உருகி உருகி உயிரை விட வேண்டும். அதையாவது நிம்மதியாக எழுத வேண்டும் என்பதுதான் என் ஆசை, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கருத்துப் பெட்டி என்று கீழே ஒன்று வைத்தாயே, அதுதான் என் பிராணனை வாங்குகிறது. நம் சமையல்காரக் குடும்ப வழக்கம் உனக்குத் தெரியும். மடைப்பள்ளியானாலும் கல்யாணமானாலும் சமைத்தவன் பந்தி முடிவில் நின்று "குறை ஏதாவது உண்டா?" என்று கேட்க வேண்டும், குறை சொன்னவர் இலையை அப்படியே விடக்கூடாது, சரிசெய்து மறுபடி பரிமாற வேண்டும். அதே புத்தியோடு நான் கதைக்கும் போனேன். கதாநாயகனுக்கு ரோஷம் போதாது என்று கனகம்மாசத்திரத்திலிருந்து வேதாசலம் என்பவர் எழுதினார், உடனே அவன் மாமனாரை அறைந்தான். பெரியவரை அறையலாமா என்று பள்ளிப்பட்டு ராஜகோபால் கேட்டார், மறுவாரமே காலில் விழுந்தான். இப்படி விழுகிறவன் ஆண்பிள்ளையா என்று மறுபடி வேதாசலம். இவனே வேண்டாம் என்று பம்பாய்க்கு அனுப்பினேன். அவ்வளவு தூரம் எதற்கு என்றார்கள், பக்கத்திலிருக்கும் நகரியோடு நிறுத்தி, பஸ்ஸிலேயே திருப்பிக் கூட்டிவந்தேன். இவர்களையாவது சமாளித்தேன். 'பொதட்டூர் புயல்' என்ற புனைபெயரில் ஒன்று, எந்த வாரம் எதை எழுதினாலும் "இதுவும் சரியில்லை" என்று ஒரே வரி. என்ன சரியில்லை என்று சொன்னால்தானே சரிசெய்வேன்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் வழக்கத்தையே நம்பினேன். "குறை சொன்ன வாசகர்கள் அனைவரும் ஞாயிறன்று என் இல்லத்துக்கு வந்து உணவருந்தி, குறையை நேரில் சொல்லவும்" என்று முகவரியோடு போட்டுவிட்டேன். "முகம் தெரியாதவாளுக்கெல்லாம் இலை போடறேளே, உங்க கதையை விடாம படிக்கறவா நல்ல மனுஷாளா இருப்பாளான்னு யோசிச்சேளா?" என்று மாமி கேட்டாள். யோசிக்கவில்லை.

வேதாசலம் வந்தார், டயர் கடைக்காரர். ராஜகோபால் வந்தார், பள்ளிக்கூட குமாஸ்தா. கூடவே சிவப்புப் புடவையில் ஒரு பெண். "நான் அனுசுயாங்க. பொதட்டூர்பேட்டைல பிரௌசிங் சென்டர் வச்சிகினு கீறேன்" என்றாள். புயல்! மூன்று இலை போட்டேன். பந்தி முடிவில் நின்று குறை கேட்டேன். "வத்தக்குழம்பு சூப்பருங்க" என்றார் வேதாசலம். கதை எப்படி என்றேன். "அதுக்கென்னங்க, நல்லாத்தான் போய்கினு இருக்குது. ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க." ராஜகோபாலோ இலையை விட்டுத் தலையே நிமிரவில்லை. வலையில் அந்தப் போடு போட்டவர்கள் நேரில் இத்தனை சாதுவா என்று எனக்கு ஏக குஷி.

அனுசுயா மட்டும் பாயசத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "சார், சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல. எனக்கு கோவமே அதான். இப்டி சமைக்கிறவரு எழுதுன கதைல அந்த மரகதம் மொத வாரத்துலேந்து அழுதுகினே கீறாளே, ஒரு நாளு ஒரு வாய் சாப்ட்டாளா? அவளுக்கு நோயும் இல்ல ஒண்ணும் இல்ல. பசி சார்!"

ரசப் பாத்திரத்தை ணங்கென்று கீழே வைத்தேன். உள்ளே மாமி சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். எத்தனை ஆயிரம் பேருக்கு வடித்துக் கொட்டிய கை இது! என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி? கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனாலும் வழக்கம் வழக்கம்தான், இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றித்தான் அனுப்பினேன்.

ஆகையால், இந்தக் கடிதம் கண்டதும் அந்தப் பெட்டியை மூடிப் பூட்டிவிடு. வாசகர்களைத் திருப்தி செய்ய என்னால் ஆகாது. மரகதம் திட்டப்படி செத்தே தீருவாள். அதோடு நான் எழுதுவதையும் விட்டுவிடுகிறேன். உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு. தணிகை வேலன் உனக்கு எல்லா நலமும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
கணபதிசுப்பிரமணியன்

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயம் தட்டப் போனேன். சாகப் போகிறவளுக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டால் அனுசுயா வாயை மூடுவாள் என்று, பக்கத்து வீட்டுக்காரி சூடாக இரண்டு இட்லி கொண்டுவந்து வைப்பதாக எழுதினேன். சாய்கிருஷ்ணா, சாப்பிட்டுவிட்டாளடா! சாப்பிட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள், கதாநாயகனைப் பார்த்து "நீ மொதல்ல வெளியே போ" என்றாள். நான் எவ்வளவோ முயன்றேன், சாக மாட்டேன் என்கிறாள். கதை முடியவில்லை. எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டியை மூடிவிடாதே. ஏற்றிய கையோடு புயலின் கருத்து வந்துவிட்டது: "இப்போதான் சரி. ஆனா சட்னி எங்கே?"