புட்டுண்ட மார்க்கண்டர் கடல் கடந்த படலம்

வாழி சண்டிலிப்பாய்! வாழி அதன் புகையிலைத் தோட்டங்கள்! முப்பது கோடை நீரிறைத்து அத்தோட்டங்களைக் காத்த தடக்கையும், செம்மண்ணன்றிப் பிறிதொன்றை மிதியாத திருத்தாளும் உடைய மார்க்கண்டர் வாழி! கீரிமலைக் கேணிக்குள் நின்று கடலை எட்டிப் பார்த்ததோடு போதுமென்று திரும்பிய அம்மாவீரர், தம் மனையாள் அருந்ததியோடு காங்கேசன்துறையில் படகேறிய பெருங்கதையைப் பாடத் துணிந்தோம். நமக்கும் நீந்தத் தெரியாது. ஆகவே கரையில் நின்றே பாடுகிறோம்.

எந்தப் போருக்கும் ஒரு வஞ்சினம் வேண்டும். அருந்ததி பருத்தித்துறையாள். பிறந்த ஊரைக் கடல் பக்கத்தால் ஒருமுறை பார்க்க வேண்டுமென்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அவள் தமையன் சுதாகரனோ பன்னிரண்டு வருடம் கப்பலில் உலகம் சுற்றியவர், முப்பது வருடத்துக்கு முன் கலியாணப் பந்தலிலேயே முழங்கினார்: "தோட்டக்காரனைக் கடலிலை ஏத்தினால் குடலைக் கக்கிப்போடுவான்!" அந்தச் சொல் அன்றிலிருந்து மார்க்கண்டரின் தொண்டையில் மீன்முள்ளாய்க் கிடந்தது. இன்றோ மயிலிட்டி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்று துறை துறையாகத் தொட்டுச் செல்லும் உல்லாசப் படகு. கடைசித் துறையில் மச்சான் வந்து நிற்பார். அவர் கண்முன்னே கறைபடாத வெள்ளைச் சட்டையோடு இறங்க வேண்டும்.

அதற்கான படைத்திட்டத்தை மார்க்கண்டர் தம் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்திடமிருந்தே கற்றிருந்தார். "பின்னாலை கொழுவிற பெட்டி வெறுமையாய் எண்டால் றோட்டிலை துள்ளும். பாரம் ஏத்தினால் அசையாது. வயிறும் அப்பிடித்தான்!" என்று விடியற்காலையில் பிரகடனம் செய்துவிட்டு, இரண்டு நீத்துப்பெட்டி நிறைய அவித்த புட்டையும், கத்தரிக்காய்ப் பொரியலையும், கறுத்தக்கொழும்பான் மாம்பழம் மூன்றையும் முறையே உள்ளே ஏற்றினார். அருந்ததி, குமட்டினால் முகர ஒரு தேசிக்காயையும் கக்கினால் பிடிக்க ஒரு சொப்பிங் பையையும் கைப்பையில் வைத்தாள்.

"உது எனக்குத் தேவைப்படாது," என்றார் வீரர்.

"பரவாயில்லை, கிடக்கட்டும்."

படகு புறப்பட்டது. முதல் அலை வந்தது. பாரம் ஏற்றிய பெட்டி துள்ளவில்லை, உருண்டது. மயிலிட்டி வருமுன்னரே கறுத்தக்கொழும்பான் முன்னணிப்படையாய் எழுந்து, நெஞ்சுக்கோட்டையின் வாயிலை முட்டிற்று. பல்லைக் கடித்துக் கதவடைத்தார் மார்க்கண்டர். மயிலிட்டியில் எல்லோரும் இறங்கி வள்ளங்களைப் பார்த்தார்கள். அவர் மட்டும் ஆசனத்தைப் பற்றிய கையை எடுக்காமல், பார்த்தது போதும் என்பதுபோல் தலையை ஆட்டினார். அந்த ஆட்டமும் கூடாதென்பது பிறகுதான் விளங்கிற்று.

தொண்டைமானாற்றை நெருங்கும்போது பொரியல்படையும் மாம்பழப்படையோடு சேர்ந்துகொண்டது. சந்நிதி முருகன் இருக்கும் திசையை நோக்கிக் கைகூப்பி, 'அப்பனே, சட்டையைக் காப்பாத்து, காவடி எடுக்கிறன்' என்று நேர்ந்தார். உடம்பைக் காப்பாற்றும்படி கேட்க மறந்துபோனதை நினைத்து அவருக்கே வெட்கமாய் இருந்தது.

அப்போதுதான் அருந்ததியைப் பார்த்தார். அவள் படகின் முன்னணியத்தில் நின்றாள். கொண்டை அவிழ்ந்து காற்றில் பறக்க, அதைப் பிடிக்கவும் தோன்றாமல், கரையைக் காட்டிக் காட்டித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் அந்தச் சிரிப்பை அவர் கண்டதில்லை. தாம் வாய் திறந்தால் அவள் கடலை விட்டுவிட்டு ஓடிவந்து தம் முதுகைத் தடவத் தொடங்கிவிடுவாள். ஆகவே, மச்சானுக்காக அடைத்த கதவை இப்போது மனைவிக்காக அடைத்தார். அது இன்னும் கடினமாய் இருந்தது.

"இஞ்சாருங்கோ, முகம் வெளிறிக் கிடக்கு. என்னவும் செய்யுதோ?"

"ம்ம்," என்றார். 'நீ கடலைப் பார்' என்னும் நீண்ட வசனம் அந்த ஈரெழுத்துக்குள் அடங்கிற்று.

வல்வெட்டித்துறை வந்ததும் போனதும் அவருக்குத் தெரியாது. பருத்தித்துறை தெரிந்தது. வெளிச்சவீட்டைக் கண்டதும் அருந்ததி கண்ணைத் துடைத்தாள். படகு இறங்குதுறையில் அணைந்தது. அதோ, வென்றார் மார்க்கண்டர்! அலைப்படை அனைத்தையும் புறங்கண்டு, ஒரு துளி கறையுமில்லாத வெண்சட்டையோடு, நிலம் காக்கப் பிறந்த நெடுந்தகை தம் வலக்காலை நிலத்தில் வைத்தார்.

நிலம் ஆடியது. கடலில் ஆடாதவர்போல் இருந்தவரை இறங்குதுறையின் கல்லுக்கட்டு ஆட்டியது. "அட மச்சான், நீ ஆம்பிளைதான்! நான் சொன்னது பிழை!" என்று முப்பது வருடக் கடனைத் தீர்க்கும் ஆவேசத்தோடு சுதாகரன் பாய்ந்துவந்து, புட்டு இருந்த இடம் பார்த்து இறுகக் கட்டிப்பிடித்தார். உவமை தேடி நாம் நாலு திசையும் ஓடினோம், கிடைக்கவில்லை. மார்க்கண்டரின் சட்டை கடைசிவரை சுத்தமாகவே இருந்தது. கெட்டது மச்சானுடையதுதான்.

"புட்டைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்," என்று மார்க்கண்டர் தாழ்ந்த குரலில் ஒத்துக்கொண்டார். அருந்ததி அவர் முதுகைத் தடவினாள். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். திரும்பிப் போகும் படகுக்குச் சங்கு ஊதியது. இருவரும் கேளாதவர்போல் நடந்தார்கள்.

யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் மார்க்கண்டர் சன்னலோரம் இருந்தார், சொப்பிங் பையைக் கையில் வைத்துக்கொண்டு.