முருகையனுக்கு ஏற்ற குரல்

“லோன் வேணாம்ங்க” என்று சொல்லி முருகையன் போனை வைத்துவிட்டார்.

எதிரே நின்ற மதிவதனிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிரஷர் பார்க்கும் பட்டை இன்னும் அவர் கையைச் சுற்றித்தான் இருந்தது. நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து.

“அண்ணே, அது லோன் இல்ல. மாத்திரை சாப்பிட்டீங்களான்னு கேக்கற போனு. நேத்தே சொன்னேன்ல.”

“‘வணக்கம், திரு. முருகையன் அவர்களே’ன்னு ஆரம்பிச்சா அது லோன்தாம்மா. நம்மள வேற எவன் அப்படிக் கூப்புடறான்?”

குத்தாலத்துக்குக் கிழக்கே நான்கு ஊர்களில் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுப்பது மதிவதனியின் வேலை. போன மாதம் திருவாரூர் தொண்டு நிறுவனம் ஒன்று அவளுக்கு ஒரு ஏஐ குரலைக் கொடுத்திருந்தது. காலை ஏழு மணிக்கு அதுவே நோயாளிகளைப் போனில் கூப்பிடும். கேள்வி கேட்கும், கேட்டால் பதிலும் சொல்லும்.

முருகையன் மாத்திரையைத் தொடமாட்டார். ஒரு தடவை ஆரம்பித்தால் சாகிறவரை நிறுத்த முடியாது என்பது அவர் கட்சி. அவருடைய அண்ணன் அரசப்பனும் அதே கட்சிதான். போன வருஷம் சம்பா நடவு நடக்கும்போது வரப்பில் விழுந்தார். எழவில்லை. இப்போது மறுபடியும் சம்பா நடவு. முருகையன் விடிந்ததும் வயலுக்குப் போகிறார். அவர் திரும்பி வருகிறவரை மதிவதனிக்குத்தான் படபடப்பு.

நிறுவனத்தில் அந்தக் குரலைப் பார்த்துக்கொள்பவன் ஜாபிர். அவனுக்குப் போன் போட்டாள்.

“ஜாபிர், உன் குரல் ரொம்ப மரியாதையாப் பேசுது. நம்ப மாட்டேங்கறாரு.”

“மாத்திடலாம்க்கா. பாசமாப் பேசற குரல் ஒண்ணு இருக்கு. போட்டு விடறேன்.”

முருகையனுக்குப் போனைக் காதில் வைத்துப் பேசும் பழக்கம் கிடையாது. எல்லாமே ஸ்பீக்கர்தான். மறுநாள் காலை ஏழு மணிக்கு, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு பெண் குரல் குழைந்தது. “என்னங்க, எந்திரிச்சாச்சா? மாத்திரை சாப்பிட்டீங்களா? நீங்க நல்லா இருந்தாத்தானே எனக்கு நிம்மதி.”

அடுப்படியிலிருந்து அவர் மனைவி வேம்பு கரண்டியோடு வந்தார்.

“யாரு அவ?”

“மிஷினுடி.”

“மிஷினுக்கு எதுக்கு நிம்மதி?”

இரண்டு நாள் அந்த வீட்டில் உலை கொதிக்கவில்லை. மூன்றாம் நாள் மதிவதனி போய்ப் பார்த்தபோது பிரஷர் நூற்றுத் தொண்ணூற்றாறு.

“அண்ணி, அது கம்ப்யூட்டருங்க. நம்புங்க.”

“நம்பறேம்மா. கம்ப்யூட்டரையே வேற கொரல்ல பேசச் சொல்லு. பொம்பளக் கொரலு வேணாம்.”

ஜாபிர் யோசித்தான். “கண்டிப்பான குரல் போடுவமாக்கா? மாயவரத்துல நல்லா வேலை செய்யுது. திட்டற டாக்டர்னாத்தான் நம்ம ஜனங்க நம்பும்.”

மதிவதனிக்கும் அது சரியென்றே பட்டது. குத்தாலத்து டாக்டர் திட்டாத நாளில் வந்த கூட்டத்தில் பாதி மருந்தே வாங்காமல் திரும்பிவிடும்.

மறுநாள் காலை அவர் வயலில் நின்றபோது அந்தக் குரல் எடுத்த எடுப்பிலேயே கேட்டது. “முருகையா, மாத்திரை சாப்பிட்டியா இல்லையா?”

முருகையனின் அப்பாவை அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் ‘நீ, வா’ என்று கூப்பிட்டார்கள். அவர் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். மகன் நிற்பது சொந்த வயலில். பதினொரு மா நிலம் அவர் பேரில் பட்டாவாக இருக்கிறது.

“யார்ரா நீ? எந்த ஊரு? சாப்புடல. சாப்புடவும் மாட்டேன். ‘நீ, வா, போ’ங்கற காலம்லாம் மலையேறிப் போச்சு. உன்னால ஆனதப் பாரு.”

பதினொரு நிமிடம் பேசினார். குரலும் விடாமல் பதில் சொன்னது. நடவுக்கு வந்த பெண்கள் நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்று கேட்டார்கள். அன்று பிரஷர் இருநூற்று நாலு.

“ஜாபிர், மனுஷன் செத்துருவாரு. நீ எல்லாத்தையும் நிறுத்து.”

“ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்குக்கா. பணிவான குரல். எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க சொல்லுங்கங்கற மாதிரி பேசும். யாரும் அதை எடுக்கறதில்ல.”

அது இப்படி ஆரம்பித்தது: “அண்ணே, தொந்தரவு பண்றேனா? நடவு நட்டா எத்தனை நாள்ல பச்சை பிடிக்கும்ணே? எனக்கு வயலப் பத்தித் தெரியாது.”

முருகையன் வாயில் வைத்திருந்த வேப்பங்குச்சியை எடுத்தார். “பத்து நாளு ஆவும் தம்பி. தண்ணிய மட்டும் மெலிசாக் கட்டணும்.”

அன்றிலிருந்து காலை ஏழு மணி என்றால் இருவருக்கும் அரைமணி நேரப் பேச்சு. குருத்துப்பூச்சி, களை, மடை மாற்றுவது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் அது தயங்கித் தயங்கிக் கேட்கும். “அண்ணே, மாத்திரை சாப்பிட்டீங்களா? அட்டையில இன்னும் எத்தனை மிச்சம்ணே?”

“சாப்புட்டாச்சு தம்பி. இன்னும் ஆறு இருக்கு.”

மதிவதனி போய் அட்டையை எடுத்து எண்ணினாள். ஆறுதான் இருந்தது.

இருபத்தெட்டு நாள். ஜாபிரின் திரையில் இருபத்தெட்டுப் பச்சைப் புள்ளிகள். திருவாரூர் கூட்டத்தில் முருகையன் படத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டி, குரலை மாற்றினால் மனிதன் மாறுவான் என்று அரைமணி நேரம் பேசினான். மதிவதனிக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

ஒரே ஒரு குறை. பிரஷர் இறங்கவில்லை. நூற்றுத் தொண்ணூறிலேயே நின்றது.

குத்தாலத்து டாக்டர் மாத்திரையை இரண்டாக்கினார். இறங்கவில்லை. வேறு மாத்திரை ஒன்றையும் சேர்த்தார். அப்போதும் இறங்கவில்லை. டாக்டர் முதல் முறையாகத் திட்டாமல் மெதுவாகப் பேசினார்.

“மூணு மாத்திரைக்கும் அசையலைன்னா கிட்னியப் பாக்கணும். தஞ்சாவூர் கூட்டிட்டுப் போங்க.”

முருகையன் முரண்டு பிடிப்பார் என்று பயந்துகொண்டே போனாள். அவர் வெள்ளை வேட்டி கட்டித் தயாராக நின்றார்.

“காலையில போனுல தம்பி போவச் சொன்னான். நல்ல புள்ள, அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு வாசலில் நின்ற காருக்குப் போனார்.

வேம்பு ஒரு பையில் துண்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டிருந்தார். மூன்று காலி அட்டைகளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் மதிவதனி. இத்தனை நாளில் இந்த அம்மாளிடம் எதுவுமே கேட்டதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

“அண்ணி, ஒரு வேள கூட விடாம சாப்பிடறாரு. அப்புறமும் ஏன் எறங்க மாட்டேங்குது?”

வேம்பு பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

“எங்க சாப்புடறாரு? அவ்ளோ பணிவாக் கேக்கற புள்ளகிட்ட இல்லைன்னு சொன்னா அது மனசு நோவும்னு, தெனம் மாத்திரையப் பிதுக்கி வாய்க்கால்ல எறிஞ்சிட்டு வந்துதான் போனையே எடுக்கறாரு.”