கண்டிப் பெண்ணுக்கு எழுதிய வாழ்த்து மடல்

என் மூளையைப் பல வருடங்களாகச் சும்மா வைத்திருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கைபேசி இருக்கும்போது அதை ஏன் வருத்த வேண்டும்? (மழை பெய்கிறதா என்பதைக்கூட யன்னலைத் திறக்காமல் இணையத்தில் பார்த்தவன் நான்.)

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சாமான் ஒண்டும் வாங்காதை. ரிசெப்ஷன்ல வாசிக்க ஒரு வாழ்த்து மடல் எழுதித் தா. நீயா யோசிச்சு எழுத வேணும், சரியோ?"

"ஓம் அக்கா, இதென்ன பெரிய வேலை?"

பெரிய வேலைதான். எங்கள் ஆட்களின் கல்யாணங்களில் வாழ்த்து மடலைக் கவிதையாக எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வாசித்துக் கையில் கொடுப்பார்கள். மூன்று வாரம் இருந்தது. முதல் நாள் 'அன்பு அக்கா' என்று எழுதினேன். அடுத்த சொல் வரவில்லை. மற்றவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று சும்மா தேடிப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன. எல்லாமே என்னுடையதைவிட நன்றாக இருந்தன (என்னுடையது இரண்டு சொல்). இத்தனை பேர் எழுதிவிட்ட பிறகு நான் வேறு எதற்கு? இருந்த கொஞ்ச ஆசையும் போய்விட்டது. முதலாவதாக வந்ததை எடுத்து, பெயர்களை மாற்றி, எங்கள் ஊரான கொழும்பு வெள்ளவத்தையில் சட்டம் போடக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வரவேற்பன்று எனக்கு முன்னால் அழைக்கப்பட்டவர் மாப்பிள்ளையின் பெரியப்பா, கொட்டாஞ்சேனைக்காரர். அவர் கையிலும் ஒரு சட்டம். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"கண்டி மலைச் சாரலிலே பூத்து வந்த கற்பகமே..."

என் சட்டத்தைக் குனிந்து பார்த்தேன். அதே கண்டி, அதே கற்பகம். அக்கா பிறந்து வளர்ந்தது வெள்ளவத்தையில். யாரோ ஒரு கண்டிப் பெண்ணுக்கு எழுதியதில் நாங்கள் இருவரும் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறோம்! அடுத்த வரியாவது வேறாக இருக்கட்டும் என்று பிள்ளையாரை வேண்டினேன். கடைசி முற்றுப்புள்ளி வரை ஒன்றும் மாறவில்லை.

"பொம்பிளை கண்டியோ?" என்றார் மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருவர். "எங்களுக்கு வெள்ளவத்தை எண்டெல்லோ சொன்னவை!"

அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. சட்டத்தைத் திருப்பி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மைக்கின் முன்னால் என் மூளை பல வருடங்களுக்குப் பிறகு தனியாக நின்றது. அது தேடித் தந்தது ஒன்றைத்தான்.

"எனக்கு... பஸ்ஸில சத்தி வரும்."

வாந்தியைப் பற்றித்தான் சொன்னேன். அப்போதுதான் ஐஸ்கிரீம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்கொலர்ஷிப் சோதினைக்கு அக்காதான் கூட்டிக்கொண்டு போனவ. பஸ்ஸுக்குள்ள அவவின்ர மடியிலயே சத்தி எடுத்திட்டன். எல்லாரும் ஏசேக்க, அக்கா எழும்பி 'நான்தான் எடுத்தனான்' எண்டு சொன்னவ. நான் வெக்கப்பட்டா சோதினையைக் கோட்டை விட்டிடுவன் எண்டு. அத்தான், உங்களுக்குக் கிடைச்சது அப்பிடி ஒரு ஆள்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். முன்வரிசையில் ஒருவர் ஐஸ்கிரீம் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அக்கா மட்டும் கண்மை கரையச் சிரித்தாள், பிறகு அழுதாள், மறுபடி சிரித்தாள். பெரியப்பா என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவர் என் சட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டார். "தம்பி," என்றார் காதுக்குள், "இதை ஒருத்தருக்கும் காட்டாதையும்."

ஆனால் அந்தச் சட்டம் பின்னர் அக்காவிடம் அகப்பட்டுவிட்டது. இப்போதும் எங்கள் குடும்பத்தில் யாராவது யோசிக்காமல் கைபேசியை எடுத்தால், "கண்டிப் பொம்பிளையைக் கேக்கிறியோ?" என்பார்கள். போன மாதம் அக்காவின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் 'என் மாமா' என்று கட்டுரை. கைபேசிக்குக் கை நீட்டியவளிடம் அக்கா அதையேதான் கேட்டிருக்கிறாள். பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பென்சிலைக் கடித்தாளாம். பிறகு எழுதிய முதல் வரி: "என் மாமாவுக்குப் பஸ்ஸில் வாந்தி வரும்."

இணையம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். அந்த வரி வேறெங்கும் இல்லை.