முதல்பந்தி அண்ணன் மெல்லாமல் சாப்பிட்ட கதை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினவள். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி; நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். ஆனாலும் அடித்துச் சொல்வேன்: தாம்பரத்திலிருந்து படப்பை வரைக்கும் குறை சொல்லாமல் முதல்பந்தி அண்ணன் எழுந்த கல்யாணச் சாப்பாடு ஒன்றுகூடக் கிடையாது.

முடிச்சூரில் எங்களுக்குப் பக்கத்து வீடு. பம்மலில் லேத் பட்டறை வைத்திருந்தார். எந்தக் கல்யாணமானாலும் முதல் பந்தி, முதல் இலை. சொந்தப் பெயரை அண்ணியே, அதுதான் அவர் பெண்சாதியே, மறந்திருப்பாள்.

எங்கள் தெருவுக்கு டி.வி. வந்த காலத்தில் அவருக்கு வயிற்றுப்புண் முற்றி ஆபரேஷன். "கஞ்சித்தண்ணி, மோர், இளநீர். மென்று தின்கிற எதுவும் கூடாது. தையல் பிரிந்தால் உயிருக்கு நான் பொறுப்பில்லை" என்றுவிட்டார் டாக்டர்.

"வடைய ரசத்துல ஊறப்போட்டா அதுவும் தண்ணிதானே?" என்பார் அண்ணன்.

"ஊறினாலும் அது வடைதான்யா. கம்முனு கஞ்சியக் குடி" என்பாள் அண்ணி.

அந்த நேரம் பார்த்து அவர் தங்கை மகளுக்குப் படப்பையில் கல்யாணம். தாய்மாமன் இலையில் உட்காராமல் பந்தி தொடங்காது. உட்கார்ந்தார். மாமன் இலை வெறுமனே இருக்கலாமா என்று எல்லாவற்றையும் பரிமாறினார்கள். அவர் கை மெல்ல வடைப் பக்கம் ஊர்ந்தது.

"வேணாய்யா, என் தாலிய நெனச்சிப் பாரு" என்று அந்தப் பக்கம் அண்ணி அழுதாள். இந்தப் பக்கம் இருந்த நான் வெடுக்கென்று வடையை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் முறைத்தார். அப்புறம் கேட்டார், "எப்டி கீது?"

"நடுவுல வேவலண்ணே."

முகம் மலர்ந்துவிட்டது. "அதான பாத்தேன்! எண்ண காயறதுக்குள்ள போட்டுக்கிறான். அந்தப் பூசணிக் கூட்டத் துன்னு பாப்போம்!"

அன்றைக்கு இரண்டு இலைச் சாப்பாடும் என் வயிற்றில். அவரோ மோரைக் குடித்தபடி சமையல்காரரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அதன்பின் போன பந்தியிலெல்லாம் மெல்லுகிற வேலை எனக்கு, ஏப்பம் அவருக்கு.

ஒருவழியாக, குழைந்த சோறு சாப்பிடலாம் என்றார் டாக்டர். அண்ணி பயந்து பயந்து பருப்புச்சோறு பிசைந்து வைத்தாள். அவர் தொடவில்லை. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மொத வாய் நீ துன்னு தங்கச்சி. துன்னுட்டு சொல்லு."

தின்றேன். பதற்றத்தில் அண்ணி உப்பே போடவில்லை. கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அமிர்தமாட்டம் கீதுண்ணே."

அவர் ஒரு வாய் வைத்தார். என்னைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் கீதா?" என்றார்.

ஏ கண்ணு, எழுதினதக் கொஞ்சம் படிச்சிக் காட்டு. அண்ணனக் கொறச்சலா ஏதும் சொல்லிட்டேனான்னு பாக்கணும்.